ஆர்வி டேங்க் நாற்றம்: காலி செய்தும் போகவில்லை, என்ன செய்யலாம்?

டல்லாஸ் வண்டிக்காரன்:
போன வருடம் பழைய டிராவல் டிரெய்லர் ஒன்று வாங்கினோம், 24 அடி. வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் ஆர்வி, அதாவது சக்கர வீடு. கழிப்பறைக் கழிவு சேரும் பிளாக் டேங்க் 30 காலன், சிங்க், குளியல் தண்ணீர் சேரும் கிரே டேங்க் 40. ஜூலையில் டெக்சாஸின் அமரில்லோ பக்கம் ஒரு ஆர்வி பார்க்கில் ஐந்து நாள் போட்டுவிட்டு பாலோ டூரோ பள்ளத்தாக்கைச் சுற்றினோம். மூன்றாம் நாள் மதியம், சரியான வெயில், கதவைத் திறந்தால் குடலைப் பிடுங்கியது. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், "இவ்வளவு காசு கொடுத்து பஸ் ஸ்டாண்டு கக்கூஸில் குடித்தனமா மாப்பிள்ளை?" என்று கேட்டேவிட்டார்.

தண்ணீரை நான் வீணாக்குவதில்லை. சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவன், ஃபிளஷ் பெடலை ஒரு நொடிக்கு மேல் மிதிக்கமாட்டேன். டேங்க் நிறைந்துவிடக் கூடாதென்று பார்க்கில் கழிவுக் குழாயை மாட்டியதுமே டேங்குகளின் இரண்டு வால்வையும் திறந்துவைத்தேன். டேங்க் மருந்தும் இரட்டிப்பாக ஊற்றினேன். காலி செய்த பிறகும் பிளாக் டேங்க் மீட்டர் முக்கால் காட்டுகிறது. அடுத்த பயணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

பழைய டிரைவர்:
தம்பி, அந்தத் திறந்த வால்வும் தண்ணீர்ச் சிக்கனமும்தான் வினை. தண்ணீர் மட்டும் ஓடிவிடும், கெட்டியானது கழிப்பறைக்கு நேர் கீழே புற்று மாதிரி எழும்பி நிற்கும். அதில் எந்த மருந்தை ஊற்றியும் பலனில்லை.

பிளாக் வால்வை மூடி, முக்கால் டேங்க் தண்ணீர் நிரப்பி, கழிவைக் கரைக்கும் என்சைம் மருந்து கலந்து இரண்டு நாள் ஊறவிடுங்கள். அப்படியே கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போனால் குலுங்கிக் கரையும். காலனுக்கு எட்டு பவுண்டுக்கு மேல் எடை, பிரேக் போடும்போது நினைவிருக்கட்டும். அங்கே முதலில் பிளாக், அப்புறம் கிரே திறந்துவிடுங்கள். கிரேயின் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கடைசியில் இரண்டு மூன்று காலன் நல்ல தண்ணீர் பிளாக் டேங்கில் விட்டுவையுங்கள். இனிமேல் மூன்றில் இரண்டு பங்கு நிறையும்வரை பிளாக் வால்வைத் தொடாதீர்கள்.

ஐஸ் கட்டி கொட்டி ஓட்டினால் சுரண்டிவிடும் என்பார்கள். நானும் இரண்டு மூட்டை கொட்டினேன், காசு கரைந்ததுதான் மிச்சம். பிளீச் மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள், சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் நச்சுப் புகை வரும். மீட்டர் பொய் சொல்வது சென்சாரில் ஒட்டிய காகிதத்தால். உங்கள் டாய்லெட் பேப்பரை ஒரு ஜாடித் தண்ணீரில் போட்டுக் குலுக்குங்கள், தூள் தூளாகாவிட்டால் வேறு வாங்குங்கள்.

மூன்று பிள்ளைக்காரி:
அண்ணா, பிளாக் டேங்கை மட்டும் திட்டாதீங்க. எங்கள் வண்டியில் நாறியது கிரே டேங்க்! அரிசி களைந்த தண்ணீர், சாம்பார் மண்டி, மோர், தாளித்த எண்ணெய் எல்லாம் வெயிலில் புளித்தால் கேட்கவா வேண்டும்? இப்போது தட்டைக் காகிதத்தால் துடைத்த பிறகுதான் கழுவுகிறோம், களைந்த தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிப்பறையில் ஊற்றுகிறோம்.

சிங்குக்கு அடியில் குழாய் வளைவில் தண்ணீர் வற்றினாலும் நாற்றம் நேராக மேலே வரும். அங்கேயே காற்று வால்வு ஒன்று இருக்கும், அதன் ரப்பர் காய்ந்து இறுகிப்போயிருக்கிறதா பாருங்கள். கையாலேயே கழற்றலாம். அப்புறம், ஃபிளஷ் செய்யும்போது கூரை ஃபேனை நிறுத்துங்கள். ஓடினால் டேங்க் காற்றை உள்ளே இழுத்துவிடும்.

டல்லாஸ் வண்டிக்காரன்:
இரண்டு தடவை ஊறவைத்தேன். முதல் தடவை கழிவுக் குழாயில் மாட்டிய, உள்ளே ஓடுவது தெரியும் வளைவுத் துண்டு வழியே வந்ததை இங்கே விவரிக்க வேண்டாம். இரண்டாம் தடவை கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். சிங்குக்கு அடியில் தங்கச்சி சொன்ன ரப்பர் அப்பளம் மாதிரி நொறுங்கியது. புதிது பத்து டாலருக்குள் கிடைத்தது. நேற்று மாமியார் வண்டிக்குள் ஏறி, மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காபி போடப் போனார்.

மீட்டர் இன்னும் கால் காட்டுகிறது, காட்டட்டும். பெடலை ஐந்து நொடி மிதிக்கும்போதுதான் மனசு அடித்துக்கொள்கிறது.