அப்பா பார்ட் பி வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டார், டிரைகேர் போயிடுச்சா?

கோவைப் பொண்ணு:
வணக்கம். அப்பா அமெரிக்கக் கடற்படையில் 22 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதனால டிரைகேர் (அமெரிக்க ராணுவக் குடும்பங்களுக்கான மருத்துவக் காப்பீடு) உண்டு. சான் அன்டோனியோவில் இருந்தப்போ, 2024 ஏப்ரலில் 65 ஆச்சு. சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் ஏற்கெனவே வாங்கிட்டிருந்ததால மெடிகேர் (65 வயசானவங்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) அட்டை தானாவே வந்தது, பார்ட் ஏ (ஆஸ்பத்திரிச் செலவு), பார்ட் பி (டாக்டர் செலவு, மாசா மாசம் பிரீமியம் கட்டணும்) ரெண்டும் போட்டு. "கோவைக்கே போயிடப் போறோம். இந்தியாவில் மெடிகேர் பத்து பைசா தராது. மாசம் 174 டாலர் 70 சென்ட் தண்டம் எதுக்கு?"னு பி வேண்டாம்னு கையெழுத்துப் போட்டு அட்டையைத் திருப்பி அனுப்பிட்டார்.

போன நவம்பரில் இங்கே ஸ்டென்ட் வெச்சாங்க. பில் 3,40,000 ரூபாய். டிரைகேருக்கு க்ளெய்ம் போட்டா தகுதி இல்லைனு திரும்பிடுச்சு. 65-க்கு அப்புறம் வர்ற டிரைகேருக்கு "டிரைகேர் ஃபார் லைஃப்"னு பேர்லயே ஆயுசுக்கும்னு இருக்கே? அம்மாவுக்கு 61 வயசு. அவங்களுக்கும் போயிடுமா?

நார்ஃபோக் வாசி:
முதல்ல அம்மா விஷயம். பயப்படாதீங்க. அவங்க 65 ஆகும் வரை இப்போ இருக்கிற டிரைகேர் செலக்ட்லயே (65-க்குக் கீழே இருக்கிறவங்களுக்கான டிரைகேர் திட்டம்) தொடரலாம். அப்பா செஞ்சது அவங்களைப் பாதிக்காது. ஆனா அவங்களுக்கு 65 வரும்போது அவங்க பேர்லயும் பார்ட் பி எடுக்கணும்.

அப்பா கணக்கு சரிதான், மெடிகேர் கோவையில் ஒண்ணும் தராது. ஆனா அந்தப் பணம் கோவை ஆஸ்பத்திரிக்கு இல்லீங்க, டிரைகேர் ஃபார் லைஃபுக்கான நுழைவுச் சீட்டு. 2001 அக்டோபரில் ஆரம்பிச்சதிலேருந்து இதுதான் விதி: பிரீமியம் இல்லாத பார்ட் ஏ கிடைக்கிற ஓய்வு பெற்றவர் பி-யும் வெச்சிருக்கணும், எந்த நாட்டில் இருந்தாலும்.

சேலம் பையன்:
கவலையே வேண்டாம்க்கா. டிரைகேர் கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் மாதிரிதான். பார்ட் பி-யில் அப்புறமா சேர 8 மாச ஸ்பெஷல் அவகாசம் இருக்கு, லேட்டா சேர்ந்ததுக்கு அபராதம் வராது.

நார்ஃபோக் வாசி:
தம்பி, தப்பு. அந்த 8 மாசம் இப்போ வேலையில் இருக்கிறவரோட (இல்லைனா அவங்க துணையோட) கம்பெனி இன்சூரன்ஸுக்கு. ஓய்வு பெற்றவரோட டிரைகேர் அதில் சேராது. இதை நம்பித்தான் பாதிப் பேர் மாட்டிக்கிறாங்க.

கோவைப் பொண்ணு:
ஐயோ. இப்போ என்ன வழி?

நார்ஃபோக் வாசி:
நல்ல வேளை ஜனவரியில் கேட்டீங்க. முதல்ல பார்ட் பி எடுக்காதவங்களுக்கு வருஷா வருஷம் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை பொதுச் சேர்க்கை உண்டு. சேர்ந்த அடுத்த மாசம் முதல் தேதியே பி நடைமுறைக்கு வரும், டிரைகேர் ஃபார் லைஃபும் அன்னிக்கே. இந்த மாசமே மனு கொடுத்தா பிப்ரவரி 1.

அபராதம்: முதல் சேர்க்கைக் காலம் (65 ஆகும்போது பி-யில் சேரக் கொடுக்கிற அவகாசம்) அவருக்கு 2024 ஜூலையோட முடிஞ்சுது. அதிலேருந்து 2026 மார்ச் கடைசி வரை 20 மாசம். முழுசா ஒரு 12 மாசம்தான் இருக்கு, அதனால 10 சதவீதம். 2026-க்கு சாதாரண பிரீமியம் 202.90 டாலர், அபராதத்தோட சுமார் 223. இது ஒரு தடவை கட்டிட்டுப் போறது இல்லை, பி இருக்கிற வரை கூடவே வரும். அடுத்த வருஷம்னு தள்ளிப்போட்டா 20 சதவீதம்.

ஸ்டென்ட் பில் திரும்பாது. ஒரே ஒரு கேள்வி: பி வேண்டாம்னு சோஷியல் செக்யூரிட்டி ஊழியர் யாராவது தப்பா சொன்னாங்களா? அப்படின்னா நிவாரணம் கேட்டுப் பார்க்கலாம்.

கோவைப் பொண்ணு:
சொன்னது வாக்கிங் நண்பர் 😐

ரெட்டயர்டு சார்ஜன்ட்:
அம்மா, நான் அஞ்சு வருஷமா திருச்சியில் இருக்கேன், பார்ட் பி கட்டிக்கிட்டு. இந்தியாவில் டிரைகேர்தான் முதல்ல கொடுக்கும். ஆனா நாம கையிலேருந்து கட்டிட்டு அப்புறம் கேட்கணும். எனக்கு வருஷத்துக்கு முதல் 150 டாலர் என் தலையில், அதுக்கு மேலே 25 சதவீதம் நான், மீதி அவங்க. நாம கையிலேருந்து கொடுக்கிற பங்குக்குக் குடும்பத்துக்கு வருஷ உச்சவரம்பு 3,000 டாலர். க்ளெய்ம் போட 3 வருஷம் டைம் இருக்கு. ஐட்டம் வாரியா பில், டிஸ்சார்ஜ் சம்மரி, பணம் கட்டின ரசீது மூணும் வேணும். "மருந்து வகை 48,000"னு ஒரே வரியில் எழுதிக் கொடுத்தா வாங்காதீங்க, கவுன்ட்டர்லயே பிரிச்சுக் கேளுங்க. முடிஞ்ச வரை கார்டுல கட்டுங்க, ஸ்டேட்மென்ட் சாட்சி.

அமெரிக்கா போகும்போது இந்தத் தொல்லை இல்லை. மெடிகேர் முதல்ல, டிரைகேர் ரெண்டாவது, பில் தானாப் போயிடும். பார்ட் டி மருந்துத் திட்டம்னு விக்க வந்தா அவசரப்படாதீங்க, டிரைகேர்லயே மருந்து உண்டு.

கோவைப் பொண்ணு:
மனு போயாச்சு, பிப்ரவரி 1 முதல் பி. ரொம்ப நன்றி எல்லாருக்கும். அப்பா இன்னும் அந்த அபராத 20 டாலரைப் பத்தியே முணுமுணுத்துக்கிட்டிருக்கார். அம்மாவோட 65-ஆவது பிறந்தநாளுக்கு மூணு மாசம் முன்னாடி தேதி போட்டு ஃபோன்ல அலாரம் வெச்சிருக்கேன். வாக்கிங் நண்பருக்கும் 64 ஆகுதாம், அவரும் ராணுவம்தான். இந்த இழையை அவருக்கு அனுப்பிட்டேன்.