தேயிலை உலர்த்தும் தட்டுகளுக்கு 304 எஃகா, அலுமினியக் கலவையா?

கோத்தகிரிக் கொழுந்து:
வணக்கம். கோத்தகிரி அருகே எங்கள் தோட்டத்துக் கொழுந்தைக் கொண்டு சிறிய அளவில் ஆர்த்தடாக்ஸ் தேயிலை (இலையைப் பொடியாக நொறுக்காமல் உருட்டிச் செய்வது) தயாரித்து வருகிறோம். உருட்டிய இலையைப் பரப்பிப் புளிக்க வைப்பதற்கும், பின்னர் 90 முதல் 100 டிகிரி சூடான காற்றில் உலர்த்துவதற்கும், ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள தட்டுகள் செய்ய வேண்டியுள்ளது. நான் 304 வகை துருப்பிடிக்காத எஃகை நினைத்திருந்தேன். பட்டறைக்காரரோ 5052 அலுமினியக் கலவையைப் பரிந்துரைக்கிறார். எடை மூன்றில் ஒரு பங்குதான் என்றும், வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் விறகு மிச்சமாகும் என்றும் சொல்கிறார். இவை எந்த அளவுக்குச் சரி என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

உலோகவியல் ஆசிரியர்:
எடையைப் பற்றி அவர் சொல்வது பாதி உண்மை. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.9 கிராம், அலுமினியத்தினுடையது 2.7 கிராம். ஆனால் தட்டு வளையாமல் நிற்பது அதன் விறைப்பைப் பொறுத்தது. உலோகத்தின் விறைப்பைக் காட்டும் மீள்தன்மைக் குணகம் எஃகுக்கு 193 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கோ சுமார் 70தான். தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்து உயர்வதால், 1 மி.மீ. எஃகுத் தகட்டுக்கு ஈடாக 1.4 மி.மீ. அலுமினியம் போட்டாக வேண்டும். துளையிடாத ஒரு சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் எஃகு 7.9 கிலோவும் அலுமினியம் 3.8 கிலோவும் வரும். மூன்றில் ஒன்று என்பது இப்படித்தான் பாதியாகிவிடுகிறது. நாள் முழுவதும் தட்டுகளை ஏற்றி இறக்குபவருக்கு அதுவும் பெரிய உதவிதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

விறகுக் கணக்கைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 304இன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 16 வாட் அளவிலும், 5052இனுடையது அதைப் போல் எட்டு மடங்குக்கு மேலும் இருப்பது மெய்யே. அடுப்பின் மேல் நேரடியாக வைத்து வறுக்கும் சட்டியானால் இந்த வேறுபாடு உடனே தெரியும்; எஃகில் சில இடங்கள் மட்டும் தீய்ந்துபோகும். உலர்த்தியிலோ வெப்பம் காற்றின் வழியே இலையைச் சேர்கிறது, தடை முழுவதும் காற்றுப் படலத்தில்தான் இருக்கிறது, ஒரு மில்லிமீட்டர் உலோகம் அதில் ஒரு பொருட்டே அல்ல. தட்டு உறிஞ்சும் வெப்பத்தையும் பார்த்துவிடலாம். மேற்சொன்ன இரு தகடுகளையும் ஒரு டிகிரி உயர்த்த எஃகுக்கு 4, அலுமினியத்துக்கு 3.4 கிலோஜூல் அளவில் தேவை. எஃகுத் தட்டை 80 டிகிரி உயர்த்தும் வெப்பம் 150 கிராம் நீரைக்கூட ஆவியாக்காது. உங்கள் விறகைத் தின்பது இலையிலுள்ள நீர், தட்டு அல்ல.

குன்னூர் ஃபிட்டர்:
ஐயா சொன்னதோடு கழுவும் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலைச்சாறு மிதமான அமிலம். அலுமினியத்தின் ஆக்சைடு படலம் பி.எச். 4 முதல் 8.5 வரை பொதுவாகத் தாங்கும் என்பதால் சாறு பெரிய சிக்கலைத் தராது. கறை போக வாஷிங் சோடா கரைத்து ஊற்றித் தேய்ப்பவர்களிடம்தான் அலுமினியம் பாழாகிறது, ஏனெனில் காரம் அந்தப் படலத்தையே கரைத்துவிடும். 304 அதற்கு அசையாது. ஆனால் பிளீச்சிங் பவுடர் கலந்த நீர் தேங்கினால் அதிலும் புள்ளிப் புள்ளியாக அரிப்பு விழும். கடற்காற்று இல்லாத நம் மலைக்கு, உப்பரிப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 வகை எஃகைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஈர இலை படும் தட்டுகளுக்கு நான் 304ஐத்தான் சொல்வேன்.

கோத்தகிரிக் கொழுந்து:
இருவருக்கும் நன்றி. தட்டுகளுக்கு 304 என்று முடிவு செய்துவிட்டோம். கடைக்காரர் காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி 304 என்கிறார்; நம்பலாமா? மேலும், வெளியே தாழ்வாரத்தில் இலை வாட்டுவதற்கான அடுக்குச் சட்டத்தை மட்டும் அலுமினியத்தில் செய்து எஃகு போல்ட்டுகளால் பூட்டலாமா?

உலோகவியல் ஆசிரியர்:
காந்தச் சோதனை போதாது. நிக்கலின் பெரும்பகுதிக்கு மாற்றாக மாங்கனீசு சேர்த்த 200 வரிசை எஃகிலும் காந்தம் ஒட்டாது; ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேட்டு, 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அலுமினியச் சட்டம் நல்ல யோசனைதான். மூடுபனியில் நனையும் இடத்தில் இரு உலோகங்களும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும் என்றாலும், பெரிய சட்டத்தில் சிறிய எஃகு போல்ட்டுகள் இருக்கும்போது அந்த அரிப்பு பரவிப் பலவீனப்பட்டுவிடும். இடையே நைலான் வாஷர் போட்டால் இன்னும் நல்லது. இதையே தலைகீழாகச் செய்வதுதான் ஆபத்து: அகன்ற எஃகுத் தட்டில் கைப்பிடியை அலுமினிய ரிவெட்டால் பூட்டினால், அரிப்பு முழுவதும் அந்தச் சிறு ரிவெட்டின் மேல் குவிந்து கைப்பிடி கழன்றுவிடும். தட்டுக்கு ரிவெட்டும் எஃகாகவே இருக்கட்டும் என்று பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.