மே லீவும் ஒற்றியூர்க் கோவிலும்

எங்கள் குடும்பத்தில் மே லீவு என்றால் ஊட்டியும் கிடையாது, கொடைக்கானலும் கிடையாது. வடசென்னையில் இருக்கும் திருவொற்றியூர்தான். தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆயா வீடு. பெரியம்மா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள், மாமா பிள்ளைகள் எல்லோரும் அங்கே கூடிவிடுவோம். இப்போது ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். ஆனாலும் லீவில் ஒரு நாள் எல்லோரும் பிள்ளைகுட்டிகளோடு தியாகராஜ சுவாமி கோவிலுக்கு வந்தாக வேண்டும். அதை மட்டும் விடவே இல்லை.

தாத்தா கோவில் கதைகளை வீட்டில் சொல்ல மாட்டார். எவ்வளவு கெஞ்சினாலும், "அந்தந்த எடத்துல நின்னு கேளுங்கடா, அப்பதான் மனசுல ஒட்டும்" என்பார். சாயங்காலம் நடை திறக்கும்போதும் பிராகாரத்துக் கல் கொதிக்கும். விரித்திருக்கும் பாயை விட்டுக் கால் தள்ளினால் குதிக்க வேண்டியதுதான். அப்படிக் குதித்துக்கொண்டே முதலில் மகிழ மரத்தடிக்கு ஓடுவோம்.

உதிர்ந்த மகிழம்பூவின் நடுவில் தானாகவே துளை இருக்கும். ஊசி வேண்டாம், வாழைநாரை நுழைத்தால் போதும். வாடினாலும் வாசனை போகாது. நாங்கள் பூவைக் கோத்துக்கொண்டிருக்கும்போது தாத்தா சுந்தரர் கதையைத் தொடங்குவார். இதே கோவிலில் பூத்தொடுத்துக் கொடுத்த சங்கிலியாரை மணக்க வேண்டுமென்றால், 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டும். சன்னிதியில் செய்த சத்தியத்தை மீற முடியாதே! அதனால், 'நான் சத்தியம் செய்யும் நேரத்தில் நீங்கள் மகிழ மரத்தடியில் போய் இருங்கள்' என்று சிவனிடமே கேட்டுக்கொண்டார். சிவன் சரி என்றுவிட்டு, நேராகச் சங்கிலியார் கனவில் போய், 'மகிழ மரத்தடியில் சத்தியம் கேள்' என்று சொல்லிவிட்டார். அங்கே நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அப்புறம்தான் கதை கனக்கும். திருவாரூர் நினைப்பு வந்து சுந்தரர் கிளம்புகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. தட்டுத் தடுமாறிப் போகிறவருக்குத் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண் கிடைக்கின்றன. திருவெண்பாக்கத்துப் பழைய கோவில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது, பூண்டியிலேயே புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். பூண்டித் தண்ணீர்தான் சென்னைக்குக் குடிக்க வருகிறது என்று தாத்தா சொன்ன நாளிலிருந்து எனக்கு அந்த ஏரி மேல் தனிப் பிரியம்.

கோவிலின் மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவானவர், வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைத் திறந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். லீவில் வரும் பிள்ளைகளுக்குக் கவச தரிசனம்தான். கருவறைக்குப் பின்பக்கம் போய் நின்று மேலே பார்க்கச் சொல்வார் தாத்தா. யானை படுத்திருந்தால் முதுகு எப்படி வளையுமோ அப்படி வளைந்திருக்கும் விமானம், ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் கட்டியது. பிராகாரத்தில் 27 நட்சத்திரத்துக்கும் 27 லிங்கங்கள் உண்டு. அவரவர் நட்சத்திரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு, இன்றைய பிள்ளைகளுக்கும் அதே பைத்தியம்.

வடிவுடையம்மன் சன்னிதியில் மட்டும் கதை சொல்லும் உரிமை ஆயாவுக்கு. ஏழுகிணற்றில் குடியிருந்த வள்ளலார் ஒற்றியூருக்கு நடந்தே வந்து போவார். ஒரு நாள் நேரமாகிவிட்டது, அண்ணியை எழுப்ப மனமில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். அம்மனே அண்ணி மாதிரி வந்து சோறு போட்டுவிட்டுப் போனாளாம். இதைச் சொல்லும்போதெல்லாம் ஆயாவுக்குக் குரல் தழுதழுக்கும். பசித்து வந்த பிள்ளை யாராக இருந்தாலும் கேள்வி கேட்காமல் தட்டை எடுத்து வைக்கிறவள் அவள்.

கடைசியாகக் கடலோரம் பட்டினத்தார் சமாதி. காவிரிப்பூம்பட்டினத்துப் பெரும் வணிகர், எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கையில் ஒரு கரும்போடு ஊர் ஊராகப் போனார். அந்தக் கரும்பின் நுனி எங்கே இனிக்கிறதோ அங்கேதான் அவருக்கு முக்தி என்பது கதை. அது இங்கே இனித்தது. கரையில் விளையாடிக்கொண்டிருந்த பையன்களைக் கூப்பிட்டுத் தன்னைக் கூடையால் மூடச் சொன்னாராம். திறந்து பார்த்தால் லிங்கம். கண்ணாமூச்சி ஆட்டத்திலேயே ஒருவர் சாமியாகிவிட்டார் என்பது எந்தப் பிள்ளையையும் கட்டிப் போட்டுவிடும்.

சின்ன வயதில் சமாதியிலிருந்து இறங்கி மணலில் ஓடி விளையாடியிருக்கிறோம். இப்போது கண்ணுக்குத் தெரிவது கருங்கல் குவியல். நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அதை மறித்த பிறகு மெரினா அகன்றது, வடக்கே கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. மீனவர் குடும்பங்கள் எத்தனையோ வீடிழந்தன. இதையும் அங்கேயே நிற்க வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சுந்தரர் கதையைப் போல இதுவும் ஒற்றியூர்க் கதைதான், தெரிந்திருக்க வேண்டும்.

தாத்தாவும் ஆயாவும் இப்போது இல்லை. கதை சொல்வது என் வேலையாகிவிட்டது. போன லீவில் தங்கை மகள், "இங்க மணல் இருந்துச்சா பெரியம்மா, நிஜமாவா?" என்று கேட்டாள். காட்ட எங்களிடம் ஒரு போட்டோகூட இல்லை. பட்டினத்தார் கோவில் பக்கத்துப் பழைய கடற்கரைப் படம் யார் வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் இங்கே போடுங்கள். அடுத்த மே மாதம் அந்த இடத்திலேயே வைத்து அவளுக்குக் காட்டுகிறேன்.