பொம்மையோட தோள் பெக் ஒடிஞ்சு போச்சு, சூப்பர் க்ளூ நிக்கல, ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணணும்

ரெண்டாங்கட்டு (காரைக்குடி), செவ்வாய்

எல்லாருக்கும் வணக்கம். அக்கா மகன் சிங்கப்பூர்லேருந்து லீவுக்கு வந்திருக்கான், ஏழு வயசு. கையில ஒரு ஆறு இன்ச் சூப்பர் ஹீரோ பொம்மை, தூங்கும்போதும் அது பக்கத்துல வேணும். நேத்து முகப்புத் திண்ணை மேல ஏறி நின்னு அதைப் பறக்க விட்டிருக்கான், நேரா ஆத்தங்குடிக் கல்லுல போய் விழுந்து வலது கை தனியா வந்துருச்சு. கையையும் உடம்பையும் சேர்க்குற குச்சி மாதிரி பெக் இருக்குல்ல, அது பாதி கைக்குள்ள, பாதி உடம்புக்குள்ள.

நான் தாய்மாமன் கெத்துல "குடுடா, அஞ்சு நிமிஷ வேலை"ன்னு வாங்கி சூப்பர் க்ளூ வச்சேன். பத்து நிமிஷம் நின்னுச்சு, அவன் கையைத் தூக்குனான், டப்புனு விட்டுருச்சு. ரெண்டாவது தடவை தாராளமா ஊத்துனேன். இப்ப நெஞ்சு பூரா பூஞ்சை புடிச்ச மாதிரி வெள்ளையா இருக்கு, கை ஒட்டவும் இல்ல. தரையில சிந்துனதை வேட்டி நுனியால துடைச்சேன் பாருங்க, துணி சுருக்குனு சூடாகி லேசா புகையே வந்துச்சு, விரல்ல கொப்புளம். அப்பத்தா கண்ணு பட்டுருச்சுன்னு உப்பும் மொளகாயும் சுத்திப் போட்டுச்சு.

ஞாயித்துக்கிழமை ப்ளைட், அதுக்குள்ள வழி இருக்கா?

அப்புறம் இன்னொன்னு, டூல் பாக்ஸ் தேடுறப்ப மாடியில டிரங்குப் பொட்டிக்குள்ள என்னோட பழைய ஜி.ஐ. ஜோ, அந்தச் சிப்பாய் பொம்மை, கெடைச்சான். கையில எடுத்ததுமே இடுப்பு கழண்டு ரெண்டு காலும் தொங்கிருச்சு, உள்ளேருந்து கருப்பா ரப்பர் தூள் கொட்டுது. அவனுக்கும் வைத்தியம் சொல்லுங்க.

பள்ளத்தூர்_பக்கம்

கண்ணு எல்லாம் படல, அது வேட்டி செஞ்ச வேலை. சூப்பர் க்ளூ காட்டன் துணியில பட்டா ஒரே நொடியில மொத்தமா இறுகும், அந்த வேகத்துல சூடு கெளம்பும். இனிமே கீழ பாலிதீன் கவர் விரிச்சுக்கிட்டு வேலை பாருங்க. நெஞ்சுல இருக்குற வெள்ளை, க்ளூ ஆவி மேல போய்ப் படிஞ்சது. காது குடையுற பட்ஸ்ல ஒரு சொட்டு தேங்காண்ணெய் தொட்டு லேசா தேச்சா பெரும்பாலும் மறைஞ்சுரும், ஆனா ஒட்டுற வேலை முழுசா முடிஞ்ச பிறகு தேயுங்க, எண்ணெய் பட்ட எடத்துல எதுவும் ஒட்டாது. நெயில் பாலிஷ் ரிமூவர் எடுத்துறாதீங்க, பெயிண்ட்டே கையோட வந்துரும், மூஞ்சி இல்லாத ஹீரோவை சிங்கப்பூர் அனுப்ப வேண்டியிருக்கும்.

கண்டனூர்_கம்பி

க்ளூ மேல தப்பு இல்லைங்க, ஆடுற எடத்துல க்ளூவை மட்டும் நம்புனதுதான் தப்பு. அது நேரா இழுத்தா தாங்கும், நெம்புனா பிஸ்கட் மாதிரி உடையும், தோள்ல நெம்புறதுதானே வேலையே. உள்ள கம்பி போகாம நிக்காது.

அதுக்கு முன்னாடி பெக் என்ன பிளாஸ்டிக்னு தெரியணும். உடம்பு ஏபிஎஸ்ஸா இருக்கும், கை கொஞ்சம் மெத்துனு இருந்தா பிவிசி, ஆனா பெக்குக்கு மட்டும் பல பொம்மையில பிஓஎம் போடுவாங்க, அசிட்டால்னும் சொல்றது, மெழுகு தடவுன மாதிரி வழுக்கும். வழுக்குறதாலதான் மூட்டுக்குப் போடுறாங்க, அதே காரணத்தால எந்த க்ளூவும் அதுல ஒழுங்கா ஒட்டாது. ஒரு சில்லு கெடைச்சா டம்ளர் தண்ணியில கல்லுப்பு இதுக்கு மேல கரையாதுங்குற வரைக்கும் போட்டு, பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு விட்டு, சில்லை உள்ள அமுக்கி விடுங்க. மேல வந்தா ஏபிஎஸ், அடியில போனா பிவிசியோ பிஓஎம்மோ. உப்புத்தண்ணி அடர்த்தி 1.2, ஏபிஎஸ் 1.05 பக்கம், பிஓஎம் 1.4, அதான் கணக்கு. லிக்விட் எதுக்குன்னா, சின்ன சில்லு தண்ணி மேல சும்மாவே ஒக்காந்துக்கிட்டு ஏமாத்தும்.

அடுத்தது ரெண்டு துண்டையும் வெளிய எடுக்கணும், உள்ள வச்சே ஒட்டுனா க்ளூ வழிஞ்சு மூட்டு பூட்டிக்கும், அப்புறம் திருப்புனா மறுபடி ஒடியும். கொதிச்ச தண்ணியை இறக்கி ரெண்டு நிமிஷம் ஆற விட்டு, பொம்மையோட கையை அதுல ஒரு நிமிஷம் முக்குங்க, ஓட்டை லேசா இளகிக் குடுக்கும். வரலைன்னா பெக் நடுவுல 1 மிமீ ஓட்டை போட்டு பொடி ஸ்க்ரூ ஒண்ணை ரெண்டு சுத்து இறக்கி குறடால இழுங்க, கார்க் புடுங்குற மாதிரி வரும். ஊசியைக் காய்ச்சி குத்தி ஓட்டை போடுற வேலை மட்டும் வேணாம், ஓட்டை அகலமாகி சுத்தி இருக்குறதும் வீணாகும், பிவிசியா இருந்தா அந்தப் புகையும் ஆகாது. கையால சுத்துற சின்ன ட்ரில் நகை வேலை செய்யுற பத்தர்கிட்ட இருக்கும். எனக்கு மொதல்ல அப்படித்தான் ஒரு பத்தர் போட்டுக் குடுத்தாரு, எந்தச் சாமி விக்கிரகம் தம்பின்னு கேட்டாரு, நான் ரோபோன்னு சொல்லல.

ரெண்டு பக்கமும் ஓட்டை நேருக்கு நேர் வரணும். ஒரு பக்கம் நடுவுல பெயிண்ட் புள்ளி வச்சு மத்ததை அதுமேல அமுக்குனா அச்சு விழும், அங்க போடுங்க. ஏபிஎஸ்ஸா இருந்தா ஜெம் கிளிப் கம்பியை வெட்டி, உப்புத்தாள்ல சொரசொரப்பாக்கி, ரெண்டு டியூப் கலக்குற எபாக்ஸி வச்சு சொருகி ஒரு நாள் முழுக்க தொடாம விடுங்க. பிஓஎம்மா இருந்தா கம்பி வழுக்கிட்டு வரும், அதுக்குப் பதிலா தலை வெட்டுன பொடி ஸ்க்ரூ போடுங்க, மரை கடிச்சுப் புடிச்சுக்கும்.

தேவகோட்டை_எண்பது

ஜி.ஐ. ஜோவுக்கு நான் வர்றேன். அது ஒடியல, உள்ள இருக்குற ஓ-ரிங் ரப்பர் வயசாகி இத்துப் போச்சு, அவ்வளவுதான். 1982ல அந்த மூணே முக்கால் இன்ச் சைஸ் வந்தப்பவே இருந்த ஏற்பாடுதான், ஒரு ரப்பர் வளையம்தான் நெஞ்சையும் காலையும் சேர்த்துப் புடிச்சுக்கிட்டு இருக்கு. முதுகுல ஒரே ஒரு ஸ்க்ரூ. சரியான சைஸ் ஸ்க்ரூடிரைவரா எடுங்க, தலை வழுவிருச்சுன்னா அழ வேண்டியதுதான். தொறந்தா கால் ரெண்டையும் சேர்க்குற இரும்புக் கொக்கி இருக்கும், வளையம் அதுல மாட்டி நெஞ்சுக்குள்ள ஸ்க்ரூ போற தூண்ல மேல மாட்டும். மோட்டார் பம்பு சாமான் விக்கிற கடைக்கு பொம்மையையே எடுத்துட்டுப் போய் அளவு பாத்து வாங்குங்க, வெக்கப்படாதீங்க. ரொம்ப இறுக்கமான வளையம் போட்டுறாதீங்க, இடுப்புத் துண்டு நடுவுல பட்டுனு போயிரும். கையில துப்பாக்கியைத் திணிச்சும் பாக்காதீங்க, பழைய பிளாஸ்டிக்ல கட்டை வெரல் தெறிச்சுரும். அது ஒடிஞ்சா கெடைக்காது.

நம்ம ஊர்ல ஃபன்ஸ்கூல் கம்பெனி போட்டதா, வெளிநாட்டுதா? கால்ல, முதுகுல எழுதியிருக்குறதைப் பாத்துச் சொல்லுங்க.

ரெண்டாங்கட்டு, வெள்ளி

கண்டனூர் அண்ணே, உப்புத்தண்ணியில சில்லு குண்டு மாதிரி அடியில போச்சு, தொட்டா வழுக்குது, பிஓஎம்தான். க்ளூ ஒட்டாததே நல்லதாப் போச்சு, வெந்நீர்ல முக்குனதும் ரெண்டு துண்டும் சமத்தா வந்துருச்சு. மூக்குக்கண்ணாடி கடையில நீளமா ஒரு ஸ்க்ரூ குடுத்தாங்க, காசு வாங்கல. ஓட்டையை நானே போட்டேன், கோணிக்கிச்சு, மாட்டுனா ஹீரோ ஆசீர்வாதம் பண்ற மாதிரி கையை ஒரு பக்கமா நீட்டுறாரு. அப்புறம் பத்தர்கிட்டயே போயிட்டேன், பக்கத்துல புதுசா ஒரு ஓட்டை போட்டு நேராக்கிக் குடுத்தாரு. இப்ப நல்லா நிக்குது, ஆனா கை லொடலொடன்னு இருக்கு, தூக்கி விட்டா தானா இறங்குது.

ஜோ எழுந்து நின்னுட்டான் தேவகோட்டை அண்ணே, முதுகுல ஃபன்ஸ்கூல்னுதான் இருக்கு. பம்பு கடைக்காரர் எத்தனை எச்.பி. மோட்டார்னு கேட்டாரு.

கண்டனூர்_கம்பி

குழாய்க்குச் சுத்துற வெள்ளை டெஃப்லான் டேப்பை பெக் மேல ஒரு சுத்து, பத்தலைன்னா ரெண்டு சுத்து சுத்தி உள்ள சொருகுங்க, இறுக்கமும் வரும் திருப்பவும் முடியும். மூணு சுத்து போனா மறுபடி நெம்ப ஆரம்பிச்சுருவான்.

ரெண்டாங்கட்டு, சனி

ஒண்ணரை சுத்துல சரியாயிருச்சு. காலையிலேருந்து பறந்துக்கிட்டே இருக்கான், திண்ணையில ஏற மட்டும் அக்கா விடல. இப்ப புதுப் பிரச்சனை, நல்லா இருக்குற இடது கைக்கும் ஸ்க்ரூ போட்டுத் தா மாமான்னு கேக்குறான்.

கண்டனூர்_கம்பி

நல்லா இருக்குறதைத் தொடாதீங்க. நாளைக்கு திருச்சி ஏர்போர்ட் போறப்ப பொம்மையைக் கார் டேஷ்போர்டு மேல வைக்க விடாதீங்க, இந்த வெயில்ல கை இளகி மறுபடி ஆசீர்வாதம்தான்.