ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுப்பவர்களுக்கு ஃபண்டஸ் போட்டோ மட்டும் போதுமா?

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடி பக்கம் சின்ன கண் மையம், நான் ஆப்டோமெட்ரிஸ்ட். முடக்குவாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுக்கிறவங்க, மருந்து கண்ணைப் பாதிச்சிருக்கான்னு பார்க்கச் சொல்லி சீட்டோட வர்றாங்க. எங்ககிட்ட விழித்திரையைப் படமெடுக்கிற ஃபண்டஸ் கேமரா மட்டும்தான் இருக்கு. ஒரு அம்மா, 56 வயசு, 48 கிலோ, தினம் 400 மி.கி., ஆறு வருஷமா. பார்வை 6/6, போட்டோவில் ஒண்ணும் தெரியலை. நார்மல்னு எழுதலாமா? தஞ்சாவூருக்கு அனுப்புறதா இருந்தா எந்த டெஸ்ட் கேட்டு எழுதணும்?

கொள்ளிடக்கரை:
நார்மல்னு எழுதாதீங்க சார். "போட்டோவில் மாற்றம் தெரியவில்லை, ஓ.சி.டி.யும் (விழித்திரை அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்) ஃபீல்டு டெஸ்ட்டும் (பார்வைப் பரப்புச் சோதனை) தேவை"ன்னு எழுதுங்க. மேக்குலாவை, அதாவது விழித்திரையின் நடுப்பகுதியைச் சுத்தி வளையம் மாதிரி வெளிறிப்போறது போட்டோவில் தெரியும்போது அங்கே செல்கள் போயாச்சு. போனது திரும்பாது, மருந்தை நிறுத்தின பிறகும் சிலருக்குப் பாதிப்பு பரவும். நடுப்புள்ளி கடைசி வரைக்கும் தப்பிச்சு நிக்கிறதால 6/6 படிக்கிறதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

அதுக்கு முன்னாடி டோஸைப் பாருங்க. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2016-ல் சொன்ன வரம்பு, உண்மையான எடைக்கு கிலோவுக்கு 5 மி.கி. நீங்க சொன்ன அந்த அம்மாவுக்கு தினம் 240 மி.கி. தான் வருது. எடுக்கிறது 400, அதாவது கிலோவுக்கு 8.3. வரம்புக்குள்ள இருந்தா முதல் பத்து வருஷம் ஆபத்து 2 சதவீதத்துக்கும் கீழே, இருபது வருஷத்தில் சுமார் 20 சதவீதம். இவங்க அந்தக் கணக்குக்கு வெளியே இருக்காங்க. 200 மாத்திரை தினம் ஒண்ணு, வாரத்தில் ஒரு நாள் மட்டும் ரெண்டுன்னு எடுத்தா வாரம் 1600, கிலோவுக்கு சுமார் 4.8 வரும். இந்தக் கணக்கை மூட்டு டாக்டருக்கு எழுதி அனுப்புங்க. குறைக்கிற முடிவு அவருடையது. அம்மாகிட்ட நிறுத்துங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க, மூட்டு வீக்கம் திரும்ப ஏறிடும்.

நெல்லுமணி:
சீட்டில் இப்படி எழுதுங்க: மேக்குலா ஓ.சி.டி., ஆட்டோஃப்ளோரசென்ஸ் (விழித்திரை தானா ஒளிர்றதை எடுக்கிற படம்), 10-2 ஃபீல்டு, கூடவே இன்னும் அகலமாப் பார்க்கிற 24-2 அல்லது 30-2 ஃபீல்டு. கடைசியா சொன்னதை விட்டுடாதீங்க. ஆசியக் கண்களில் பாதிப்பு நடுவை ஒட்டி வராம, ரத்தக்குழாய் வளைவுகளை ஒட்டி வெளிப்பக்கமா ஆரம்பிக்கிறது ரொம்ப சகஜம். 10-2 நடுவில் பத்து டிகிரிதான் பார்க்கும், 6 மி.மீ. ஓ.சி.டி. ஸ்கேனும் அங்கே எட்டாது. அகலமான ஸ்கேன் கேளுங்க. பார்க்க வேண்டியது எலிப்சாய்டு கோடு (ஸ்கேனில் ஒளி உணர் செல்களைக் காட்டுற கோடு) எங்கேயாவது மங்குதா, அறுந்திருக்கா என்பது. சராசரி தடிமனைப் பார்த்துட்டு விடக்கூடாது.

ஃபீல்டு டெஸ்ட்டை, கண்மணியை விரிக்கிற சொட்டு விடுறதுக்கு முன்னாடியே செய்யச் சொல்லுங்க. முதல் தடவை உட்கார்றவங்களுக்கு அது பெரும்பாலும் சரியா வராது. ஒரே ஒரு ஃபீல்டு கெட்டிருக்குன்னு மருந்தை நிறுத்தினா நல்ல மருந்தை வீணா இழந்துடுவோம். திரும்ப எடுத்து, அதே இடத்தில் ஓ.சி.டி.யும் கெட்டிருந்தா மட்டுமே நம்பணும்.

வெண்ணாற்றங்கரை:
நன்றி சார். போன தடவை ஒருத்தருக்கு ஓ.சி.டி. படம் மங்கலா வந்து, முடிவு சொல்ல முடியலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இங்கேயிருந்து பஸ்ஸில் போய் வர்றவங்களுக்கு அது பெரிய அலைச்சல்.

கொள்ளிடக்கரை:
முடக்குவாதக்காரங்களுக்குக் கண் வறட்சி அதிகம், அதுதான் முதல் காரணம். ஸ்கேனுக்குக் கொஞ்சம் முன்னாடி கண்ணீர்ச் சொட்டு விட்டு, நாலு தரம் சிமிட்டச் சொன்னா படம் தெளியும். புரை இருந்தா கண்மணியை விரிச்சு எடுக்கணும். அப்படின்னா மூணு நாலு மணி நேரம் கூச்சமும் மங்கலும் இருக்கும். வண்டி ஓட்டாம, துணைக்கு ஒருத்தரோட வரட்டும். அடுத்த வருஷமும் அதே மெஷினில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். அச்சடிச்ச தாளோட ஸ்கேன் ஃபைலையும் வாங்கி வெச்சுக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை. இந்த மருந்து வெளியேறுறதில் கிட்னிக்குப் பெரிய பங்கு இருக்கு. கிட்னி மந்தமானா சரியான டோஸே அதிக டோஸாயிடும். நடவு, களையெடுப்பு நாட்களில் மூட்டுவலிக்கு, கிட்னியைப் பாதிக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடுற பழக்கம் இருக்கான்னு அந்த அம்மாகிட்டக் கட்டாயம் கேளுங்க. மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் எடுத்தாலும் ஆபத்து கூடும். இதெல்லாம் இல்லாதவங்களுக்கு மருந்து ஆரம்பிச்ச முதல் வருஷத்தில் ஒரு அடிப்படைப் பரிசோதனை, அஞ்சு வருஷம் கழிச்சு வருஷாவருஷம். இதில் ஒண்ணு இருந்தாலும், இல்லை டோஸ் மீறியிருந்தாலும், அஞ்சு வருஷம் காத்திருக்காம முன்கூட்டியே வருஷாவருஷம் பார்க்கணும்.

நெல்லுமணி:
டி.பி.க்கு எத்தாம்ப்யூட்டால் எடுக்கிறவங்களையும் இதே வரிசையில் நிறுத்தாதீங்க. அது பார்வை நரம்பைத் தாக்கும். ஆரம்பத்தில் போட்டோ சுத்தமாகவே இருக்கும். அவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கண்ணாகப் பார்வையும் இஷிஹாரா கலர் புத்தகமும் பாருங்க. ரெண்டும் உங்க மையத்திலேயே முடியும்.