உதவி: ஐபி முகவரி காட்டும் சி நிரல் பாதியில் விழுகிறது

அரைத்தூக்கம்: அவசரம், நாளைக் காலை காட்டியாக வேண்டும். கணினியில் உள்ள எல்லா நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்களின் ஐபி முகவரியையும் பட்டியலிட சி-யில் சின்ன நிரல் ஒன்று. கம்பைல் ஆகிறது, வார்னிங்கூட இல்லை. ஓட்டினால் மூன்று வரி வருகிறது, அப்புறம் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்டதால் ஓஎஸ் நிரலை நிறுத்திவிடுவது). வந்த மூன்று வரியும் தப்பு. நேற்று ராத்திரி இதே நிரல் விழாமல் ஓடியது. ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

தகரடப்பா: எந்த ஓஎஸ்? எந்த ஃபங்ஷன்? கோடு எங்கே?

மோர்க்குழம்பு: நேற்று ஓடி இன்று விழுந்தால் சந்தேகமே வேண்டாம், லூப்புக்குள்ளேயே ஃப்ரீ செய்திருப்பார். விடுவித்த மெமரியைத் தொட்டால் ஒரு நாள் ஓடும், மறுநாள் கவிழ்த்துவிடும்.

அரைத்தூக்கம்: உபுண்டு லினக்ஸ். இன்டர்ஃபேஸ்களையும் முகவரிகளையும் பட்டியலாகத் தரும் கெட்இஃப்அட்ர்ஸ். ஃப்ரீ வெளியேதான் இருக்கிறது. லூப்பில் ஒரே வரி: ஒவ்வொரு பதிவிலும் முகவரியைச் சுட்டும் ஐஎஃப்ஏ_அட்ர் பாயிண்டரை சாக்அட்ர்_இன் (ஐபிவி4 முகவரிக்கான ஸ்ட்ரக்ட்) ஆகக் காஸ்ட் செய்து, முகவரியை எழுத்தாக்கும் ஐநெட்_என்டோஏ-வில் கொடுத்து பிரின்ட் செய்கிறேன்.

கர்னல்வாசி: மேன் பக்கம் என்று லினக்ஸில் ஒரு கையேடு உண்டு தம்பி. அதில் இந்தக் கேள்விக்கு விடையும் இருக்கிறது, முழு உதாரண நிரலும் இருக்கிறது. படிக்கும் பழக்கம் போய்விட்டது, வேறென்ன சொல்ல.

மோர்க்குழம்பு: ஃப்ரீ வெளியே இருந்தால் பாயிண்டரை நகர்த்திவிட்டு அதையே ஃப்ரீ செய்திருப்பார். தலைப்பாயிண்டரைத் தனியாக வைத்தீர்களா?

தகரடப்பா: கொஞ்சம் பொறுங்கள். அந்த மூன்று வரியை அப்படியே போடுங்கள்.

அரைத்தூக்கம்:
எல்ஓ 1.0.0.0
இஎன்பி3எஸ்0 2.0.0.0
டபிள்யூஎல்பி2எஸ்0 3.0.0.0

தகரடப்பா: அது ஐபியே இல்லை. லினக்ஸில் கெட்இஃப்அட்ர்ஸ் முதலில் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் ஏஎஃப்_பாக்கெட் வகையில் ஒரு பதிவு தரும். மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி, அதில்தான் இருக்கும். ஐபிவி4, ஐபிவி6 பதிவுகள் அதற்குப் பிறகு வரும். நீங்கள் வகையைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சாக்அட்ர்_இன் ஆக்கிவிட்டீர்கள். சாக்அட்ர்_இன்-இல் முகவரி உள்ள அதே இடத்தில், ஏஎஃப்_பாக்கெட்டின் சாக்அட்ர்_எல்எல்-இல் இன்டர்ஃபேஸின் வரிசை எண் இருக்கிறது. அதைத்தான் 1, 2, 3 என்று பார்க்கிறீர்கள். நேற்று முழுதாக ஓடியபோது கடைசியில் 0.0.0.0 என்று சில வரிகள் வந்திருக்குமே? அது ஐபிவி6. அங்கே அந்த இடத்தில் இருப்பது முகவரி இல்லை, ஃப்ளோஇன்ஃபோ என்ற வேறோர் எண், பெரும்பாலும் சுழியம்.

சரி, நான்காவது இன்டர்ஃபேஸ் எது? இன்று விபிஎன் போட்டிருக்கிறீர்களா?

அரைத்தூக்கம்: ஆமாம், 0.0.0.0 வந்தது! விபிஎன் ஆபீஸ் வேலைக்காக ஆன் செய்தேன். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

தகரடப்பா: அதுதான் சம்பந்தம். விபிஎன் உருவாக்கும் டன்0 போன்ற இன்டர்ஃபேஸுக்கு மேக் முகவரி கிடையாது. அதனால் அதன் முதல் பதிவில் ஐஎஃப்ஏ_அட்ர் 'நல்' (NULL), அதாவது எதையும் சுட்டாத வெற்றுப் பாயிண்டராக வரும். நல் பாயிண்டருக்குள் கை விட்டால் விழத்தான் செய்யும். லூப்பின் முதல் வரியில் நல் என்றால் கன்டினியூ போடுங்கள். அப்புறம் முகவரியின் வகையைச் சொல்லும் எஸ்ஏ_ஃபேமிலி பாருங்கள். ஏஎஃப்_இநெட் (ஐபிவி4), ஏஎஃப்_இநெட்6 (ஐபிவி6) இரண்டை மட்டும் எடுங்கள். எழுத்தாக மாற்ற கெட்நேம்இன்ஃபோ ஃபங்ஷன், பெயரைத் தேடாமல் எண் முகவரியையே தரச் சொல்லும் என்ஐ_நியூமெரிக்ஹோஸ்ட் கொடியோடு. நீளம் கொடுக்கும்போது வகைக்கேற்ற ஸ்ட்ரக்டின் சைஸைக் கொடுங்கள்: ஐபிவி4-க்கு 16 பைட், ஐபிவி6-க்கு 28. ஐநெட்_என்டோஏ-வை மறந்துவிடுங்கள், அதற்கு ஐபிவி6 தெரியாது. ஒரே பஃபரை வேறு திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். ஒரே பிரின்ட்எஃப்-இல் இரண்டு முறை அழைத்தால் இரண்டிலும் ஒரே முகவரி வந்து நிற்கும்.

கர்னல்வாசி: நல் வரலாம் என்பது மேன் பக்கத்திலேயே இருக்கிறது. உதாரண நிரலும் அதைச் சோதித்துவிட்டுத்தான் தொடங்குகிறது. நான் சொன்னதும் இதுதானே.

வெள்ளரிப்பிஞ்சு: நீங்கள் எதுவும் சொல்லவில்லை அண்ணா, திட்டினீர்கள்.

மோர்க்குழம்பு: இவ்வளவு தொல்லை எதற்கு? கெட்இஃப்அட்ர்ஸை விட்டுவிட்டு, ஐஓசிடிஎல் என்ற பழைய வழியில் எஸ்ஐஓசிஜிஐஎஃப்கான்ஃப் கேட்டால் முகவரி உள்ள இன்டர்ஃபேஸ் மட்டும் வரும். நல் வராது, வம்பும் வராது.

கர்னல்வாசி: லினக்ஸில் அது ஐபிவி4 மட்டுமே தரும். பஃபர் சின்னதாக இருந்தால் சத்தமில்லாமல் பட்டியலை வெட்டிவிட்டு வெற்றி என்றும் சொல்லும். எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்?

மோர்க்குழம்பு: கெட்இஃப்அட்ர்ஸ் யூனிக்ஸ் வகை ஓஎஸ்களுக்கான பொதுத் தரமான பாசிக்ஸிலேயே இல்லை, பிஎஸ்டி யூனிக்ஸ் பக்கமிருந்து வந்தது. சோலாரிஸ் 10 என்ற யூனிக்ஸில் கம்பைலே ஆகாது. அங்கே என்ன செய்வீர்கள்?

வெள்ளரிப்பிஞ்சு: அவர் உபுண்டு என்றார். சோலாரிஸ் எங்கிருந்து வந்தது?

அரைத்தூக்கம்: நல் சோதனையும் ஃபேமிலி சோதனையும் போட்டதும் ஓடிவிட்டது. டன்0-க்கும் சரியான முகவரி வருகிறது. நன்றி தகரடப்பா அண்ணா. தூங்கப் போகிறேன்.

தகரடப்பா: நல்லது. எஃப்இ80 என்று தொடங்கும் ஐபிவி6 முகவரிக்குப் பின்னால் சதவீதக் குறியும் இன்டர்ஃபேஸ் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். பிழை என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்.

மோர்க்குழம்பு: சோலாரிஸுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.