வாசிப்பு வேளையில் குழுவுக்கு ஒரு பிள்ளைதான் பேசுகிறது, மற்றவர்களை எப்படிப் பேச வைப்பது?

திருவாரூர் டீச்சர் கேட்டது

அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். அரசின் வாசிப்பு இயக்கக் கதைப் புத்தகங்களில் (நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருக்கும்) ‘ஓடு’, ‘பற’ நிலைக் கதைகளைக் கொடுத்து, ஆறு ஆறு பேராக வட்டமாக உட்கார வைத்துப் பேசச் சொல்கிறேன். எல்லாக் குழுவிலும் நடப்பது ஒன்றுதான். நன்றாகப் படிக்கிற பிள்ளை சத்தமாக வாசிக்கும், அதுவே கேள்வி கேட்கும், அதுவே பதிலும் சொல்லிவிடும். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

ஒரு பையன் வரிக்குக் கீழே விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பான். அவன் முறை வந்தால் பக்கத்துப் பிள்ளை வார்த்தையை முந்திச் சொல்லிவிடும். உடனே புத்தகத்தை அடுத்தவரிடம் நகர்த்திவிடுவான். அதே பையன் சத்துணவு வரிசையில் வாய்க்காலில் கெண்டை பிடித்ததைச் சொன்னால் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். அந்தப் பேச்சு வகுப்புக்குள்ளும் வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. நான் பக்கத்தில் போனாலே எல்லாரும் கப்சிப். வழி சொல்லுங்கள்.

பதில்: சேலம் ஆசிரியர்

முதலில் ஆறு பேரை நாலாக்குங்கள் டீச்சர். ஆறு பேர் இருந்தால் இரண்டு பேர் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். அப்புறம், குழுத் தலைவர் என்று யாரையும் வைக்காதீர்கள். தலைவர் என்றாலே எல்லாம் அவர் பொறுப்பு என்று மற்றவர்கள் கையைக் கட்டிக்கொள்வார்கள்.

பதில்: தருமபுரி ஆசிரியை

டீச்சர், அந்தப் பையனுக்குப் பேச்சு வராமல் இல்லை. எல்லார் முன்னாலும் எழுத்துக் கூட்டிப் படித்தால்தான் பேசலாம் என்று ஆகிவிட்டது, அதுதான் தடை. வாசிப்பையும் பேச்சையும் பிரித்துவிடுங்கள். நான் செய்வதைச் சொல்கிறேன்.

கதையை முதலில் நானே ஒருமுறை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துவிடுவேன். பிறகு இரண்டிரண்டு பேராக மெதுவாகப் படிப்பார்கள். படிக்கும்போது ஆளுக்கு ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, அந்த வரி இருக்கும் பக்கத்தில் ஒரு துண்டுத்தாளைச் செருகி வைக்க வேண்டும். பிடித்த வரி, கோபம் வந்த வரி, புரியாத வரி, எதுவானாலும் சரி. ‘இந்தக் கதையின் கருத்து என்ன’ என்று கேட்டால் சரியான விடை ஒன்று எங்கேயோ இருக்கிறது என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். ‘நீ எந்த வரியை எடுத்தாய், ஏன்’ என்று கேட்டால் தப்பான பதிலே கிடையாது.

இனி புளியங்கொட்டை. எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. ஆளுக்கு மூன்று கொடுப்பேன். ஒருமுறை பேசினால் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். மூன்றும் தீர்ந்தவர், மற்றவர்களுடையதும் தீரும் வரை கேள்வி மட்டும் கேட்கலாம். நிறையப் பேசும் பிள்ளையை அதட்டாமலே அடக்கிவிடுகிறது. அது மட்டுமா, அந்தப் பிள்ளைக்கு நல்ல கேள்வி கேட்கவும் வந்துவிடுகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். என் வகுப்பில் வேகமாகப் படிக்கிற ஒரு பெண் கொட்டை தீர்ந்ததும் பக்கத்துப் பையனிடம், “உங்க ஊட்டுல ஆடு காணாமப் போனா நீ என்ன பண்ணுவ?” என்று கேட்டாள். கதையில் தொலைந்தது ஆடு. அவன் வீட்டில் நிஜமாகவே ஆடு இருக்கிறது. அவன் பேச ஆரம்பித்தான், மணி அடித்தும் நிறுத்தவில்லை.

வட்டார வழக்கில் பேசினால் திருத்தாதீர்கள், தயவுசெய்து. நடையைத் திருத்த வேறு பாடவேளை இருக்கிறது.

இன்னொன்று, கேள்வி கேட்டதும் பொறுத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்களாம். அதை மூன்று நொடிக்கு மேல் ஆக்கியபோது பதில்கள் நீண்டன, பேசாதிருந்த பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி சும்மா நிற்பது நமக்குத்தான் கஷ்டம்.

திருவாரூர் டீச்சர்

நன்றி டீச்சர், புளியங்கொட்டைக்கு இங்கேயும் குறைவில்லை. ஒரு சிக்கல்: பல கதைகளுக்குக் குழுவுக்கு ஒரு பிரதிதான் இருக்கிறது. புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ராஜா.

பதில்: சேலம் ஆசிரியர்

கதையை நகலெடுத்து நாலு துண்டாக வெட்டிவிடுங்கள். ஆளுக்கு ஒரு துண்டு. வெவ்வேறு குழுக்களில் அதே துண்டு கிடைத்தவர்கள் முதலில் தனியாகக் கூடி, சேர்ந்து படித்துப் புரிந்துகொள்ளட்டும். பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பித் தன் பகுதியைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் கொண்டுவந்த ஜிக்சா முறை இது. கறுப்பின, வெள்ளை, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் அப்போதுதான் ஒரே வகுப்பில் உட்காரத் தொடங்கியிருந்தார்கள், பகை இருந்தது. ஒருவர் சொல்லாவிட்டால் மற்றவர்களுக்குப் பாடம் முழுமையாகாது என்ற ஏற்பாடு அவர்களை ஒருவர் பேச்சை ஒருவர் கேட்க வைத்தது.

உங்கள் பையனுக்குக் கதையின் கடைசித் துண்டைக் கொடுங்கள். முடிவு தெரிய வேண்டுமென்றால் மூன்று பேரும் அவன் முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும். முதல் நாளே அதை அவனிடம் கொடுத்து வீட்டில் படித்துவரச் சொல்லிவிடுங்கள்.